ஆத்தாவுக்கு முடிந்து வைத்த உப்பு

நேற்று நம் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் ஒருவன் ஒரு கன்றுக்குட்டியின் படம் போட்டிருந்தான். பார்த்திருப்பீர்கள். படுத்துக் கிடக்கிறது, வால் முழுக்க மஞ்சளாய் அப்பியிருக்கிறது, கண் குழிக்குள் போய்விட்டது. "ரெண்டு நாளா கழியுது. டாக்டரு நாளைக்கித்தான் வருவாராம். பால நிறுத்திட்டோம்" என்று எழுதியிருந்தான்.

நான் மூச்சு விடாமல் பதினோரு பதில் அனுப்பினேன். பாலை நிறுத்தாதே. தண்ணீரை நிறுத்தவே நிறுத்தாதே. கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர், தலை தட்டிய ஆறு ஸ்பூன் சர்க்கரை, அரை ஸ்பூன் உப்பு. பாலுக்கும் பாலுக்கும் நடுவில் கொடு. கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டுப் பார், உடனே படியவில்லை என்றால் உடம்பில் தண்ணீர் இல்லை. வாய்க்குள் விரல் விட்டுப் பார், சில்லென்று இருந்தால் நாளைக்கு என்று உட்காராதே, ஒரு மினி லாரி பிடித்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடு.

"நீ எப்படி மாட்டு டாக்டர் ஆன?" என்று ஒருத்தி கேட்டாள். எல்லோரும் சிரிக்கிற மூஞ்சியாகப் போட்டுத் தள்ளினீர்கள்.

ஆகவில்லை. இரண்டு பட்டம் வாங்கி, நாலு வேலை பார்த்து, இப்போது ஐந்தாவதில் இருக்கிறேன். இதிலும் எத்தனை நாள் என்று தெரியாது. ஆனால் இந்த ஒரு விஷயம் எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்பதை அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. முப்பதைத் தாண்டிவிட்டோம், பாதிப்பேருக்கு முடி நரைத்துவிட்டது, இனி யார் அடிக்கப் போகிறார்கள்? சொல்கிறேன். ஏழாம் வகுப்பில் முழுப்பரிட்சைக்கு முன்னால் பதினைந்து நாள் நான் பள்ளிக்கு வரவில்லையே, அந்தப் பதினைந்து நாள்.

உழவர்கரையில் எங்கள் வீடு உங்களுக்குத் தெரியும். முன்னால் இரண்டு அறை, பின்னால் சிமென்ட் ஷீட் போட்ட மாட்டுக்கொட்டாய். அப்பா மில்லில் இருந்தவர். மில் மூடியதும் பாட்டில் கம்பெனிக்குப் போனார், ஒரு மாடும் வாங்கிக் கட்டினார். அம்மா டவுனில் ஒரு சொல்தா வீட்டில் சமையல். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் கிழவரும் அவர் மனைவியும். அம்மா அங்கேயிருந்து வரும்போது புடவையில் வெண்ணெயும் பூண்டும் மணக்கும்.

மாசி கடைசியில் மாடு கெடேரிக் கன்று போட்டது. செம்மண் நிறம், நெற்றியில் வெள்ளையாக ஒரு பொட்டு. வீடே கொண்டாட்டமாக இருந்தது. நஞ்சுக்கொடி விழும்வரை கன்றை மடியில் விடக்கூடாது என்று அப்பா தனியாகக் கட்டிவிட்டார். அது விழ மதியம் ஆனது. அதற்குள் அம்மா சீம்பாலைக் கறந்து, வெல்லம் தட்டிப் போட்டு, ஏலக்காய் பொடித்து, இட்லிப் பானையில் வேகவைத்து, தெரு முழுக்கக் கொடுத்தாள். எதிர்வீட்டுப் பெரியம்மா கேட்கும் முன்பே தூக்குவாளியோடு வந்து நின்றாள். ஒரு டப்பா சொல்தா வீட்டுக்கும் போனது. நான் மூன்று தடவை வாங்கித் தின்றேன். கன்றுக்கு என்ன கிடைத்தது என்று யாரும் கேட்கவில்லை. அந்த முதல் பால்தான் அதற்குக் கவசம், பிறந்த ஓரிரண்டு மணி நேரத்திலேயே வயிறு நிறையக் குடித்திருக்க வேண்டும் என்று இப்போது தெரிகிறது. அதன் கவசத்தில்தான் ஏலக்காய் போட்டுத் தின்றோம்.

மூன்றாம் நாள் காலை என் வயிற்றில் ஒரு கொப்புளம். குளிக்கும்போது முதுகில் நாலு. அம்மா பாவாடையை இறக்கிப் பார்த்தாள், நேரே வெளியே போய் வாசலில் வேப்பிலைக் கொத்தைச் செருகினாள்.

தம்பியை அன்றைக்கே வில்லியனூர் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பின்னறையில் பழைய வாயில் புடவையை விரித்து, வேப்பிலை பரப்பி, என்னைப் படுக்கவைத்தார்கள். சமையல்கட்டுப் பக்கம் நான் போகக்கூடாது. தாளிப்பு இல்லை, எண்ணெய் இல்லை. எனக்கு உப்பில்லாத கேழ்வரகுக் கூழும் நாட்டுச் சர்க்கரையும் இளநீரும். தலைமாட்டில் மாரியம்மன் படம். படத்து ஆணியில் மஞ்சள் துணியில் ஒரு முடிச்சு: உப்பும் மிளகும். அம்மை இறங்கி எனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகு கோயிலில் கொண்டுபோய்க் கொட்டுவதற்கு. உப்பு கரைவது போல முத்து கரையும் என்று அம்மா சொன்னாள்.

எதிர்வீட்டுப் பெரியம்மா கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு சட்டம் சொல்வாள்.

"கடுகு வெடிக்கிற சத்தம் கேக்கக் கூடாதுடி. ஆத்தாவுக்கு ஆவாது."

"நான் எங்க பெரியம்மா தாளிக்கிறேன்?"

"நேத்து மணம் வந்துதே?"

"அது உங்க வூட்டு மணம்."

"எம் மூக்கு எனக்குத் தெரியாதா? நீ வேலக்கிப் போறியா இன்னா?"

அம்மா உள்ளே வந்துவிட்டாள். வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தாள். வீட்டில் அம்மன் என்று அங்கே சொன்னால் பத்து நாள் வராதே என்பார்கள், பதினோராம் நாள் வேறு ஆள் இருக்கும். அதனால் சொல்லவில்லை. அது தப்புத்தான். அந்தக் கிழவருக்கு ஒட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு வியர்க்கிறது. நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை.

ஆகவே காலை எட்டு மணிக்கு அம்மா, எட்டரைக்கு அப்பா. அப்புறம் சாயங்காலம் வரை நானும் வேப்பிலையும். உடம்பெல்லாம் அரிக்கும், கொத்தால் தடவிக்கொள்ளலாம், சொறியக் கூடாது. நான் எண்ணினேன். கூரையில் எத்தனை ஓடு, சுவரில் எத்தனை விரிசல், கையில் எத்தனை முத்து. பின்னறைக்கும் கொட்டாய்க்கும் நடுவில் கதவு கிடையாது, ஒரு கோணிப்படுதாதான். அதை ஒதுக்கினால் கன்று தெரியும். அதுவும் தனியாகத்தான் கட்டிக் கிடந்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு கிடப்போம். நான் கையை நீட்டினால் விரலைச் சப்பும். நாக்கு சொரசொரவென்று, சூடாக இருக்கும். அந்தப் பதினைந்து நாளில் என்னைக் கூச்சப்படாமல் தொட்டது அது ஒன்றுதான்.

அம்மை கண்ட மூன்றாம் நாள் அதற்குக் கழிய ஆரம்பித்தது. முதலில் மஞ்சள், பிறகு சுண்ணாம்புத் தண்ணீர் போல வெள்ளை. புளித்த நாற்றம். ஈ. அப்பா பார்த்துவிட்டு, "பால் அதிகமாயிடுச்சி. பாலக் காட்டாத, தண்ணி காட்டாத, தானா நின்னுடும்" என்றார். கயிற்றை இன்னும் குட்டையாக்கிக் கட்டினார். உள்ளே போகாவிட்டால் வெளியே வராது என்பது அவர் கணக்கு. தொட்டியில் தண்ணீர் ஒழுகினால் குழாயை மூடுகிற மாதிரி.

நிற்கவில்லை. மறுநாள் சாயங்காலம் கன்று எழவில்லை. அப்பாவும் அம்மாவும் கொட்டாயில் நின்று பேசியது படுதாவுக்கு இந்தப் பக்கம் எனக்கு முழுக்கக் கேட்டது.

"டாக்டரக் கூட்டியாறேன். ரெண்டு தெரு தள்ளித்தான் ஆஸ்பத்திரி."

"வூட்டுல ஆத்தா வந்து ஒக்காந்திருக்கா. ஊசிய எடுத்துக்கிட்டு ஒருத்தன் வாசப்படி ஏறுவானா?"

"ஊசி கன்னுக்குடி, கொழந்தைக்கா?"

"கொட்டாயும் வூடும் ஒரே கூரை. மருந்து வாசன வந்தாலே கோவிச்சிக்குவா. எம் பொண்ணு கண்ணுல முத்து எறங்கிச்சின்னா நீ குடுப்பியா கண்ணு?"

"அப்போ நான் தூக்கிக்கினு போறேன்."

"அம்ம வூட்லேர்ந்து ஒரு பொருளும் வாச தாண்டக் கூடாது. தண்ணி ஊத்தட்டும், அப்பறம் போ."

"அதுக்குள்ள செத்துடும்."

அம்மா படுதாவை விலக்கி உள்ளே வந்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். படத்துக்கு முன்னால் நின்று, வாய்க்குள் சொல்வதாக நினைத்துக்கொண்டு வெளியே கேட்கும்படி சொன்னாள்: "தாயே, எம் பொண்ண மூஞ்சியில தழும்பில்லாம எழுப்பி வுடு. கன்னையும் எழுப்பி வுடு. அந்தக் கன்ன உனக்கே வுட்டுடறேன்."

அப்பாவின் குரல் படுதாவுக்கு அப்பாலிருந்து வந்தது. "கெடேரிக் கன்னுடி அது. மூணு வருஷத்துல அதுவே கறக்கும்."

"எம் பொண்ணு பெருசா, கன்னு பெருசா?"

என்னையும் கன்றையும் தராசின் இரண்டு தட்டில் வைத்துவிட்டாள். கன்று பிழைக்காவிட்டால் போய்விடும். பிழைத்தாலும் போய்விடும். பெரியவர்கள் சொன்னதையெல்லாம் மறக்கிறார்களே, இதையும் மறந்துவிடுவாள் என்று நினைத்துக்கொண்டேன். பன்னிரண்டு வயதில் எனக்கு அம்மாவைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான்.

இங்கே உங்களில் ஒருத்தி வருகிறாள். என் பெஞ்சுக்காரி. மறுநாள் காலை பள்ளிக்குப் போகிற வழியில் அவள் காம்பவுண்டு சுவர்மேல் தன் அறிவியல் நோட்டை வைத்து, பறக்காமல் ஒரு கல்லையும் வைத்து, மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஏய், நாலு பாடம் ஓடிடுச்சி, எழுதிக்கடி" என்று கத்திவிட்டு ஓடினாள். நான் ஜன்னலில் கையை ஆட்டினேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பரவாயில்லை. வந்தவள் அவள் ஒருத்திதான்.

அப்பாவும் கிளம்பியபின் நோட்டை எடுத்துவந்து படித்தேன். கடைசிப் பாடம் வயிற்றுப்போக்கு. அவள் கையெழுத்தில், சிவப்பு மையில் கட்டம் கட்டி: வயிற்றுப்போக்கில் உயிரைக் கொல்வது உடம்பிலிருந்து நீரும் உப்பும் வெளியேறுவது; ஆகவே உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கீழே அளவு. அதற்கும் கீழே: கரைசல் கண்ணீரைவிட அதிகமாகக் கரிக்கக் கூடாது.

குழந்தைகளுக்கு என்றுதான் எழுதியிருந்தது. கன்றும் குழந்தைதானே என்று எழுந்துவிட்டேன்.

தண்ணீர் இருந்தது, எனக்காகக் காய்ச்சி ஆறவைத்த ஒரு சொம்பு. சர்க்கரை, கூழுக்கு வைத்த நாட்டுச் சர்க்கரை கிண்ணத்தில் இருந்தது. உப்பு சமையல்கட்டில். அங்கே நான் நுழையக்கூடாது, அம்மா பூட்டிவிட்டும் போயிருந்தாள். அறை முழுக்கச் சுற்றிப் பார்த்தேன். அப்புறம் படத்தைப் பார்த்தேன். ஆணியைப் பார்த்தேன்.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. ஆத்தாவுக்கு முடிந்த உப்பு. அதை அம்மை கண்ட கையால் தொட்டால் கண்ணா போகும், காலா போகும், எனக்குத் தெரியவில்லை. வலது கண்ணை மூடிக்கொண்டேன். போனால் ஒரு கண் மட்டும் போகட்டும் என்று. அப்படியே முடிச்சை அவிழ்த்தேன். கல் உப்பு, மிளகோடு கலந்து கிடந்தது. மிளகை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒதுக்கிவிட்டு, நான்கு கல் எடுத்து, சர்க்கரையோடு சொம்பில் போட்டுக் கலக்கினேன்.

கரைந்தது. சரியான கரிப்பா என்று பார்க்கக் கண்ணீர் வேண்டுமே. எந்நேரமும் அழுதுகொண்டு கிடந்தவளுக்கு, தேடும்போது ஒரு சொட்டு வரவில்லை. கிள்ளிப் பார்த்தேன். வெயிலைப் பார்த்து முழித்தேன். செத்துப்போன நாய்க்குட்டியை நினைத்தேன். வரவில்லை. அப்போது தெருவில் சைக்கிள் மணி. நீங்கள்தான். சனிக்கிழமை, அரை நாள் பள்ளி விட்டு வந்துகொண்டிருந்தீர்கள். ஒருவன் யாரையோ பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டான், எல்லோரும் சிரித்தீர்கள், எங்கள் வாசல் வந்ததும் சத்தத்தைக் குறைத்து எதிர்ச்சாரிக்குப் போனீர்கள், தாண்டியதும் மறுபடி சிரித்தீர்கள். யாரும் என் பெயரைச் சொல்லவில்லை.

வந்தது. நாக்கை நீட்டித் தொட்டுப் பார்த்தேன். சொம்புத் தண்ணீரையும் பார்த்தேன். தண்ணீர் கொஞ்சம் குறைவாகக் கரித்தது. சரியாகத்தான் இருந்தது.

கன்றின் வாய்க்குள் விரலை விட்டேன். முந்தாநாள் சூடாக இருந்த வாய் மண்பானைத் தண்ணீர் போல இருந்தது. சப்பவில்லை. தலையை மடியில் தூக்கி வைத்து, விரலை நனைத்து நனைத்து நாக்கில் வைத்தேன். வழிந்தது. என் பாவாடை முழுக்கச் சாணியும் எச்சிலும். பத்துத் தடவை, இருபது தடவை. எப்போது என்று தெரியாது, விரலை நாக்கு லேசாகச் சுற்றியது. பிறகு கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, அதற்குள் விரலை வைத்துக் காட்டினேன். விரலைத் தேடி மூக்கை உள்ளே விட்டு உறிஞ்சியது. நான் தனியாகவே கை தட்டினேன்.

அன்று அரைச் சொம்பு. எனக்கு வைத்த இளநீரில் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் அப்பாவும் வீட்டில். அவர்கள் தெருக்குழாய்க்கும் கடைக்கும் போன நேரமாகப் பார்த்துப் பார்த்து ஊற்றினேன். திங்கட்கிழமை ஒன்றரைச் சொம்பு, இரண்டு இளநீர். அம்மா காலியான காய்களைப் பார்த்து, "எல்லாத்தையும் குடிச்சிட்டியா, எஞ் செல்லமே" என்று சந்தோஷப்பட்டாள். எனக்கு நாக்கு வறண்டு கிடந்தது. முடிச்சு இளைத்துக்கொண்டே போனது. ஒவ்வொரு முறையும் ஒரு கண்ணை மூடிக்கொள்வேன். அடுத்த முறை மறு கண்ணை, நியாயமாக இருக்கட்டும் என்று.

செவ்வாய்க்கிழமை கன்று முன்னங்காலை மடக்கி, பின்னங்காலைத் தூக்கி, ஒரு ஆட்டம் ஆடி, எழுந்து நின்றது. நான் கயிற்றை அவிழ்த்து மாட்டிடம் விட்டேன். எவ்வளவு விடலாம் என்று நோட்டில் இல்லை. நூறு எண்ணிவிட்டு இழுத்துக் கட்டினேன். மறுநாளிலிருந்து மதியம் மதியம் நூறு எண்ணிக்கை. மாடு அதை நக்கிக்கொண்டே நிற்கும். சாயங்காலம் கறக்கும்போது அப்பாவுக்குச் சொம்பு நிறையவில்லை.

"மாடு பால ஒளிக்குதுடி" என்றார்.

"ஆத்தா வூட்ல இருக்கறப்ப எது ஒழுங்கா இருக்கும்?" என்றாள் அம்மா. ஆனால் கன்று நிற்பதைப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். எட்டு நாளாக அவள் ஒருவேளைதான் சாப்பிட்டாள், வேலை வீட்டில் பொய், தெருவில் பொய், ராத்திரி என் பக்கத்தில் விசிறியோடு. அவளும் யாரிடமும் பேச முடியாமல்தான் இருந்தாள். அதெல்லாம் இப்போது தோன்றுகிறது. அன்று அவள் அழுததும் எனக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது: வேண்டிக்கொண்டதை அவள் மறக்கவில்லை.

மூன்று தண்ணீர் ஊற்றினார்கள். வேப்பிலை, வாயில் புடவை, பாய் எல்லாவற்றையும் பின்னால் போட்டு எரித்தார்கள். நோட்டும் அதில் போனது. என் தலைமாட்டில் இருந்தது என்று அம்மா சேர்த்துப் போட்டுவிட்டாள். பெஞ்சுக்காரி, பரிட்சைக்கு முன்னால் நோட்டு இல்லாமல் நீ வெளியே முட்டி போட்டாயே, அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். அந்த நோட்டு ஒரு உயிரைக் காப்பாற்றியது. சிவப்பு மையில் கட்டம் கட்டாமல் இருந்திருந்தால் என் கண்ணில் பட்டிருக்காது.

வெள்ளிக்கிழமை காலை கோயிலுக்குக் கிளம்பினோம். கன்றுக்கு மஞ்சள் பூசி, கழுத்தில் வேப்பிலை மாலை போட்டிருந்தார்கள். அப்பா கயிற்றை இழுத்தார். வாசலைத் தாண்ட மாட்டேன் என்று நாலு காலையும் ஊன்றிக்கொண்டது.

"நீ கூப்புடுடி, உங்கூடத்தான் வரும்" என்றார் அப்பா.

நான் விரலைக் கொடுத்தேன். சப்பிக்கொண்டே வந்தது. பின்பக்கமாக நடந்து நடந்து, தெரு முழுக்க, கடைத்தெரு முழுக்க, நானேதான் அதைக் கூட்டிக்கொண்டு போனேன். எதிர்வீட்டுப் பெரியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

சன்னதியில் அம்மா முடிச்சை எடுத்தாள். கையில் வைத்து எடை பார்த்தாள். அவிழ்த்தாள். மிளகுதான் கிடந்தது, அடியில் ஏழெட்டுக் கல் உப்பு. அம்மா என்னைப் பார்த்தாள், படியில் உப்பு கொட்டுகிற மற்றவர்களைப் பார்த்தாள்.

"என்னாடி இது?"

அப்போது சொல்லியிருக்கலாம். கன்றை எழுப்பியது நான்தான், உப்புத் தண்ணீர்தான், வேண்டிக்கொண்டது பலித்ததாகவே ஆகாது, வீட்டுக்குப் போகலாம் என்று. நாக்கின் நுனி வரை வந்துவிட்டது. ஆனால் சொன்னால் அம்மா என் முகத்தைத் தினம் தினம் பார்ப்பாள், ஆத்தா உப்பைத் தொட்டதற்கு எப்போது என்ன வரப்போகிறதோ என்று.

நான் கன்றின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"நாம கொண்டாறதுக்கு முன்னயே எடுத்துக்கிட்டா பாரேன், தாயி" என்றாள் அம்மா. அந்த ஏழெட்டுக் கல்லையும் கண்ணில் ஒற்றிக்கொண்டு கொட்டினாள். அப்பா வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கோயிலுக்கு விட்ட கன்றுகளை ஆடிக்கு முன்னால் ஏலம் விடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். எனக்கு அது கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

பூசாரி கயிற்றை வாங்கி இழுத்தார். கன்று அசையவில்லை. அதன் வாயில் என் விரல் இருந்தது.

"பாப்பா, கைய எடும்மா."

இழுத்தேன். விடவில்லை. நல்ல சூடு, நல்ல பிடி. பிழைத்துவிட்ட கன்றின் பிடி. இன்னொரு முறை இழுத்தேன். டப்பென்று ஒரு சத்தம் வந்தது. அது கழுத்தை நீட்டி நீட்டிக் காற்றில் விரலைத் தேடியது.

திரும்பி வரும்போது கையைத் துடைக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு நடந்தேன். தெருமுனையிலேயே சத்தம் கேட்டது. மாடு கொட்டாயிலிருந்து கத்திக்கொண்டிருந்தது. மதியம் ஆகிவிட்டது, நூறு எண்ணுகிற நேரம். மாட்டிடம் யாரும் சொல்லவில்லை.